சயாமுக்குப் பயந்த லெப்டினன்ட்

என் கணவர் நாட்டுக்காகப் பட்டாளத்தில் சேர்ந்தார் என்று இப்போது மேடைக்கு மேடை சொல்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு தரம் ஏதாவது ஒரு மண்டபத்தில் என்னை முன் வரிசையில் உட்கார வைத்து, தோளில் பொன்னாடையைப் போர்த்தி, "மாவீரரின் துணைவியார்" என்று மைக்கில் முழங்குவார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பொன்னாடையோடு வருகிற பிள்ளையிடம், "தம்பி, அவர் சயாமுக்குப் பயந்துதான் ஓடினார்" என்று சொன்னால் நன்றாகவா இருக்கும்?

ஆனால் உண்மை அதுதான். சேருவதற்கு முதல் நாள் சமையல்கட்டு வாசலில் நின்று அவரே என்னிடம் சொன்னார். "எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. நாளைக்கோ மறுநாளோ ஜப்பான்காரன் என்னையும் சயாமுக்கு ரயில் ரோடு போடக் கொண்டுபோயிடுவான். அதுக்கு இது மேல்." அதைச் சொல்ல அவர் வெட்கப்படவில்லை. அதனால்தான் எனக்கு அவரைப் பிடித்தது.

பினாங்குக்கு வடக்கே, பீடோங்குக்கும் செமிலிங்குக்கும் நடுவே ஒரு ரப்பர் தோட்டம். அங்கே அவர் சின்னக் கிராணி. ஆபீஸில் கணக்கு எழுதுவார். விடிவதற்கு முன்னால் பெரட்டுக் களத்துக்குப் போய் ஒவ்வோர் ஆளையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவார். நான் அலோர் ஸ்டாரில் வளர்ந்தவள். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. ஸ்டேஷனுக்குப் பின்னாலேயே வீடு. சத்தத்தில் பிறந்து சத்தத்தில் வளர்ந்தவளைக் கல்யாணம் பண்ணி ரப்பர் மரங்களுக்கு நடுவே கொண்டுவந்து வைத்தார்கள். அந்தத் தோட்டத்தில் பகல் பத்து மணிக்கு ஒரு இலை விழுந்தால் கேட்கும்.

கிராணி வீடு மேட்டில் இருந்தது. இன்னும் மேலே துரை பங்களா, கீழே தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயம், நடுவில் நான். துரைசானி என்னைத் தேநீருக்குக் கூப்பிடமாட்டாள். லயத்துப் பெண்களோ, நான் குழாயடிக்கு இறங்கி வந்தால் பேசிக்கொண்டிருந்ததை அப்படியே நிறுத்திவிட்டு, "வாங்கம்மா" என்று ஒதுங்கி வழி விடுவார்கள். வழி யாருக்கு வேண்டும்? ஒரு குடம் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மரியாதையோடு திரும்பி வருவேன். கல்யாணமான புதிதில் வீட்டுப் பல்லியோடு பேசியிருக்கிறேன் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். அது பதிலாவது சொன்னது.

ஜப்பான்காரன் வந்தபோது துரை ஒரே ராத்திரியில் காரில் ஏறிப் போய்விட்டார். நாயைக்கூடக் கூட்டிக்கொண்டு போகவில்லை. ரப்பருக்கு வேலை இல்லை. பாதி மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு மரவள்ளி நட்டோம். அரிசி கனவில் வந்தது. புடவை கிழிந்தால் மாற்றுப் புடவை கிடையாது. லயத்தில் சாக்கைப் பிரித்துத் தைத்துக் கட்டினார்கள். இதையெல்லாம் தாங்கிக்கொண்டோம். தாங்க முடியாதது சயாம்தான். லாரி வந்து பெரட்டுக் களத்தில் நிற்கும். இத்தனை ஆள் வேண்டும் என்பான் ஜப்பான்காரன். பேர் சொல்லிக் கூப்பிடவேண்டியது என் கணவர். போனவர்களைப் பற்றிக் கேட்டால், "நல்லா இருக்கான், வேலை செஞ்சுக்கிட்டு இருக்கான்" என்பார் ஆள் பிடிக்கிற தண்டல். எப்போது கேட்டாலும் அதே பதில்தான்.

பிறகு ஒரு நாள் சயாமிலிருந்து ஒரே ஒருவன் திரும்பி வந்தான். கால் புண்ணோடு, இடுப்பில் ஒரு முழத் துணியோடு வந்தவன், நேரே லயத்துக்கு நடந்து, ஒரு வீட்டு வாசலில் நின்று, அந்த வீட்டுப் பெண்ணின் கையில் ஒரு தகரத் தட்டைக் கொடுத்தான். அவள் புருஷன் சாப்பிட்ட தட்டு. ஒரு வார்த்தைகூட அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. தட்டைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் தோட்டத்தில் ஒரு தீர்மானம் உண்டாகிவிட்டது: வாயால் சொல்கிற சேதியை நம்பக்கூடாது. பெண்டாட்டி கையில் ஒரு பொருள் வந்தால் ஆள் இல்லை. வராத வரைக்கும் ஆள் இருக்கிறான்.

அந்தச் சமயத்தில்தான் பீடோங் பாடாங்கில், அதாவது ஊர் மைதானத்தில், கூட்டம் போட்டு, இந்தியாவுக்காகச் சண்டை போடும் படைக்கு ஆள் சேர்த்தார்கள். என் கணவர் போய்ப் பேர் கொடுத்துவிட்டு வந்தார். அதோடு நிற்கவில்லை. மறுநாள் பெரட்டில் ஆட்களிடம், "சயாமுக்குப் போனா மண்வெட்டி, இதுல சேர்ந்தா துப்பாக்கி. எதுன்னு நீங்களே பாத்துக்குங்க" என்றார். பத்துப் பன்னிரண்டு பேர் அவரோடு கிளம்பினார்கள். எல்லாரும் அவர் தினமும் பேர் சொல்லிக் கூப்பிட்ட ஆட்கள். அவர்களில் ஒருவர் முதல் லயத்துக்காரர். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர், பேச்சு குறைவு, எதைக் கேட்டாலும் தலையாட்டுவார். "ஐயாவுக்குத் துணையா நான் போறேன்" என்று அவரும் போனார். அவர் மனைவி லாரிக்குப் பின்னால் ரோடு வரைக்கும் ஓடினாள். நான் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கிராணி மனைவி ரோட்டில் ஓடக்கூடாது.

இங்கிலீஷ் படித்தவர் என்பதால் அவரைச் சிங்கப்பூருக்கு அதிகாரிப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். வாழ்நாளில் பேனாவைத் தவிர எதையும் தூக்காத மனிதர். பயிற்சி முடிந்து ஒரு தரம் வீட்டுக்கு வந்தார். தோளில் ஒரு நட்சத்திரம், செகண்ட் லெப்டினன்ட். கன்னம் ஒட்டி, குரல் மாறி, நடை மாறி வந்திருந்தார். லயத்து ஆட்கள் சலாம் வைத்தபோது அவரும் விறைப்பாகப் பதில் சலாம் வைத்தார். வீட்டுக்குள் வந்ததும் பூட்ஸைக் கழற்றிவிட்டு, "நூத்துக்கு நூறு அதே பயந்தாங்கொள்ளிதான். யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றார். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். மறுநாள் போய்விட்டார்.

முதல் லயத்துக்காரர் அவருக்கு ஏவலாளாக அமைந்ததும், கூடப் போன ஆட்களில் பாதிப் பேர் அவர் படைப்பிரிவிலேயே இருந்ததும் அப்போதே தெரியும். எல்லாரையும் பர்மாவுக்கு எந்த வழியில் கொண்டுபோனார்கள் என்பது மட்டும் ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதே சயாம் ரயில் பாதை வழியாகத்தான். எதற்குப் பயந்து ஓடினாரோ அதன்மேலேயே உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். அதைக் கேட்டபோது சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் போன பிறகு நான் பட்ட தனிமையை எப்படிச் சொல்வது? அதற்கு முன்னால் இருந்ததெல்லாம் தனிமையே இல்லை. மாலையில் பங்களா நாய் வந்து வாசலில் படுத்துக்கொள்ளும். அதற்கும் என்னைப்போலவே போக இடமில்லை. அலோர் ஸ்டாருக்குப் போகலாம் என்றால், வழியில் காவல், அங்கே அப்பா வீட்டிலும் பட்டினி. லயத்துப் பெண்கள் முன்பாவது "வாங்கம்மா" என்பார்கள். இப்போது அதுவும் இல்லை. அவர்கள் புருஷன்மார் என் புருஷன் பேச்சைக் கேட்டுத்தானே போனார்கள்? குழாயடியில் நான் வந்தால் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரும். வீட்டுக்கு வந்து யோசித்தால் அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதும் தெரியும். நியாயம் தெரிந்தால் தனிமை குறைகிறதா என்ன?

இப்படி இருக்கும்போது பீடோங்கிலிருந்து ஆள் வந்தது. பாடாங்கில் கூட்டம், நான் கட்டாயம் வரவேண்டும், தோட்டத்து ஆட்களையும் லாரியில் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். எதற்கென்று சொல்லவில்லை. போனோம். மேடையில் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஏறினேன். சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு பெரிய அதிகாரி இந்துஸ்தானியில் பேச, பக்கத்தில் நின்றவர் தமிழில் சொன்னார். என் கணவர் பர்மாவில் ஓர் ஆற்றங்கரையில் தன் ஆட்களோடு நின்று எதிரியைத் தடுத்தாராம். பின்வாங்கும்போது அடிபட்டவர்களை விட்டுவிட்டு வராமல் தோளில் தூக்கிக்கொண்டு வந்தாராம். அதற்காக வீரப் பதக்கம். அவர் இன்னும் போர்முனையில் இருப்பதால் மனைவியிடம் கொடுக்கிறோம் என்றார்கள். என் கழுத்தில் மாலையைப் போட்டுக் கையில் பதக்கத்தை வைத்தார்கள். பாடாங் முழுக்கக் கைதட்டல்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பயந்தாங்கொள்ளியா ஆளைத் தூக்கிக்கொண்டு வந்தது! எங்கள் தோட்டத்து ஆட்கள் எங்கே என்று தேடினேன். அவர்கள் கைதட்டவில்லை. பெண்கள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

லாரியில் திரும்பினோம். முதல் லயத்துக்காரரின் மனைவி நகர்ந்து வந்து என் தோளில் கையைப் போட்டாள். அதுவரை என்னைத் தொட்டதே இல்லை. சந்தோஷத்தில் போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். லாரி கோயில் முனையில் திரும்பியதும் ஒருத்தி ஓவென்று குரல் எடுத்தாள். அடுத்தவள் சேர்ந்துகொண்டாள். நான் பதறிப்போய், "ஐயோ, யார் செத்துப்போனது?" என்று கேட்டேன். நான் அப்படிக் கேட்டதும் எல்லாரும் இன்னும் சத்தமாக அழுதார்கள்.

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் கத்தினேன். "உயிரோடதான் இருக்காரு! மேடையிலேயே சொன்னாங்களே, கேக்கலையா?"

"கேட்டோம்மா" என்றாள் முதல் லயத்துக்காரரின் மனைவி. "அப்படித்தான் சொல்லுவாங்க. சயாமுக்குப் போனவனையும் நல்லா இருக்கான்னுதானே சொன்னாங்க? ஒங்க கைல பொருளைக் குடுத்துட்டாங்களேம்மா."

உயிரோடு இருக்கிறவனுக்குப் பதக்கம் கொடுத்ததை அந்தத் தோட்டத்தில் ஒருவரும் பார்த்ததில்லை. அவர்கள் பார்த்தது தகரத் தட்டு. நான் தலைகீழாக நின்று சொல்லியும் எடுபடவில்லை. அறியாத வயசு, தாங்காது என்று மேடையில் மறைத்துச் சொல்லியிருக்கிறார்கள் என்றார்கள். மறுநாள் பூசாரியும் பெரியவர்கள் நாலைந்து பேரும் மேட்டுக்கு வந்து, காரியம் எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டார்கள். தாலி விஷயத்தைப் பெண்கள் பக்குவமாக ஆரம்பித்தார்கள். நான் உள்ளே போய் அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் உட்கார்ந்தேன். "என் கழுத்துப் பக்கம் எவ கை வந்தாலும் அந்தக் கை இருக்காது" என்றேன். எல்லாரும் பின்னால் நகர்ந்தார்கள். முதல் லயத்துக்காரரின் மனைவி மட்டும் நகரவில்லை. எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, "விடுங்க. அவங்களுக்கா எப்ப கழட்டணும்னு தோணுதோ அப்ப கழட்டட்டும்" என்று அவர்களை அனுப்பிவைத்தாள்.

அன்றிலிருந்து நான் அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

பதக்கம் வந்த பிறகு என் வீட்டில் ஆள் நடமாட்டம் வந்துவிட்டது. ஒருத்தி அவித்த மரவள்ளி கொண்டுவருவாள், ஒருத்தி தலை வாரிவிடுவாள், ஒருத்தி சும்மா வந்து தூணில் சாய்ந்து தன் மாமியார் கதையைச் சொல்லிவிட்டுப் போவாள். அவர்கள் புருஷன்மாரைக் கூட்டிக்கொண்டு போனவரின் பெண்டாட்டி என்ற கோபமெல்லாம் போய்விட்டது. போனவரே போய்விட்டார் என்ற பிறகு யார் மேல் கோபம்? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் அத்தனை பேர் நடுவிலும் அவர் உயிரோடு இருக்கிறார் என்று நம்பிக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். முன்பு வீடு காலியாக இருந்தது. இப்போது வீடு நிறைய ஆள். எல்லாரும் எனக்காகத் துக்கப்படுகிறார்கள். அந்தத் துக்கம் எனக்கு வேண்டாம் என்று யாரிடம் சொல்வது?

மாரியம்மன் கோயில் திருவிழாவில் குங்குமத் தட்டு வரிசையாக வந்தது. எனக்குப் பக்கத்தில் நின்றவள் எடுத்துக்கொண்டு, என்னைத் தாண்டி அடுத்தவளிடம் நீட்டினாள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கழுத்தில் தாலியோடு நின்றுகொண்டிருந்தேன். அக்கா பார்த்தாள்; பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவளாவது தட்டை வாங்கி என்னிடம் நீட்டியிருக்கலாம் என்று இன்றைக்கும் எனக்கு மனத்தாங்கல்தான். அன்று வீட்டுக்கு வந்து பதக்கத்தை எடுத்துப் பார்த்தபோது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. எல்லாரும் ஒன்றைச் சொல்லும்போது ஒருத்தி மட்டும் எத்தனை நாள்தான் மாட்டேன் என்று உட்கார்ந்திருப்பாள்? நாள் ஆக ஆக, இருக்கிறார் என்று வாய்தான் சொன்னது.

அக்கா தைரியமாக இருந்தாள். "எங்க வூட்டுக்காரருக்கு ஒண்ணும் ஆகலம்மா" என்பாள். "ஆகியிருந்தா என்னையும் மேடைக்குக் கூப்பிட்டு ஒண்ணைக் கைல குடுத்திருப்பாங்கல்ல?" லயத்தில் ஆள் போன வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் அதே நம்பிக்கைதான். ஒருத்தி புருஷன் வந்ததும் அடித்துப் போடவென்று ஒரு கோழியை வளர்த்தாள், அது கிழடாகிக்கொண்டிருந்தது. அக்கா தன் வீட்டுக்காரரின் ஒரே கைலியை வாரா வாரம் துவைத்துக் காயப்போடுவாள். யாரும் கட்டாத கைலி எப்படி அழுக்காகும் என்று கேட்டால், "சும்மா கெடந்தா பூச்சி அரிச்சிரும்மா" என்பாள். அவள் சிரித்துக்கொண்டே அதை உதறுவதைப் பார்க்கும்போது எனக்குப் பொறாமையாக இருக்கும். சத்தியமாகச் சொல்கிறேன், பொறாமைதான்.

ஜப்பான்காரன் தோற்றான். வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். புதுத் துரை வந்து பங்களாவைத் திறந்தார். மிச்சமிருந்த ரப்பர் மரங்களில் திரும்பப் பால் வெட்ட ஆரம்பித்தார்கள். பர்மாவிலிருந்து கப்பல் வருகிறது, பினாங்கில் ஆள் இறங்குகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. அக்கா பால் வாளியைத் தூக்கிக்கொண்டு போகும்போதெல்லாம் ரோட்டைப் பார்ப்பாள். நான் பார்ப்பதை நிறுத்தியிருந்தேன்.

ஒரு நாள், பால் எடுத்து முடிந்து எல்லாரும் வீடு திரும்பிய நேரம். அக்கா என் வீட்டுப் பின்னால் மரவள்ளி இலை பறித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று இலைகளைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினாள். "அம்மா! ஓடியாங்க! ஐயா வராரு! கிராணியாரு வராரு!"

நான் அடுப்படியிலிருந்து வெளியே வருவதற்குள் அவள் ஓடிப்போய்த் தண்ணீர்ச் செம்போடு வாசலில் நின்றாள். மேட்டுப் பாதையில் என் கணவர் ஏறி வந்தார். கிழிந்த காக்கி, கையில் ஒரு துணி மூட்டை, பாதி ஆள்தான் இருந்தார். அப்படியே படியில் உட்கார்ந்து அழுதேன். அக்கா என் முதுகில் தட்டித் தட்டிச் சிரித்தாள். "நாங்கதாம்மா மடச்சிங்க! ஒங்க வாயிதான் சரி! அன்னிக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டீங்களே, கேட்டமா? எங்கள செருப்பால அடிக்கணும்!"

அவர் கிட்டே வந்து நின்றார். என்னைத்தான் முதலில் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் அக்காவைப் பார்த்தார். செம்பை வாங்கக் கை நீட்டியவர் நீட்டியபடியே நின்றார்.

அக்கா இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். சிரித்தபடியே அவருக்குப் பின்னால் பாதையை எட்டிப் பார்த்தாள். பாதையில் யாரும் இல்லை. அவர் பேச வாயெடுத்தார். "ஆத்தங்கரையில நாங்க ரெண்டு பேருந்தான்..." என்று ஆரம்பித்தார். அவள் கையைக் காட்டித் தடுத்தாள்.

"வேணாங்கய்யா. மொதல்ல தண்ணியக் குடிங்க."

அவர் குடித்தார். அவள் செம்பைத் திரும்ப வாங்கிப் படியில் வைத்துவிட்டு என்னிடம் திரும்பினாள். முகத்தில் கண்ணீர் இல்லை. ஏதோ கணக்கைச் சரிபார்க்கிற மாதிரி நிதானமாகக் கேட்டாள்.

"மெடலு வந்தா ஆளு இல்லன்னு நாங்க சொன்னது பொய்யாப் போச்சு. அப்ப மெடலு வராதவங்க இருக்காங்கன்னு சொன்னதும் பொய்தானேம்மா?"

அவள் புடவையைச் சரிசெய்துகொண்டு மேட்டிலிருந்து இறங்க ஆரம்பித்தாள். அத்தனை நாள் காத்திருந்த மனிதரைப் படியிலேயே விட்டுவிட்டு நான் அவள் பின்னால் ஓடினேன்.

கிராணி உயிரோடு வந்துவிட்டார் என்ற சேதி அதற்குள் லயத்தில் பரவியிருந்தது. பெண்கள் எல்லாரும் வாயெல்லாம் பல்லாக என்னைக் கட்டிக்கொள்ள ஓடி வந்தார்கள். கோழி வளர்த்தவள் முதலில் வந்தாள். எனக்கு முன்னால் நடந்த அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அவள் அங்கேயே நின்றுவிட்டாள். அவளைப் பார்த்து அடுத்தவள் நின்றாள். அக்கா அவர்களைத் தாண்டிப் போனாள். நேரே தன் வீட்டு வாசலுக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தாள். ஆள் போன வீட்டுப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். குரல் எடுத்தது யார் என்று தெரியவில்லை. எல்லாரும் ஒன்றாகத்தான் எடுத்தார்கள்.

எனக்கு ஒப்பாரி தெரியாது. அக்காவைக் கட்டிக்கொள்ளலாம் என்று கையை நீட்டினேன். புருஷன் உயிரோடு வந்தவளின் கை அது. அவள் அதைத் தட்டிவிடவில்லை, பிடிக்கவும் இல்லை. போ என்று யாரும் சொல்லாததால் நானும் தரையில் உட்கார்ந்தேன். இருட்டுகிற வரைக்கும் இருந்தேன். என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.